விளக்கொளியும் மின்கணக்கும்

(ஸ்ரீராம்புரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நாடகமும் இடம்பெறுதல் மரபு. அம்மரபுக்கிடையே அறிவியற் பொருள் ஒன்றும் இருத்தல் வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். விண்ணிலிருந்து இரவு விளக்குகளைப் படம் பிடித்து, மண்ணில் மின்சாரம் எவ்வளவு செலவாகின்றது என்று மதிப்பிடும் முறையைப் பற்றிப் பேச முன்வந்தேன். ‘இது நமக்கு எட்டாத வானத்துச் செய்தியாயிற்றே!’ என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் இது நம் வீட்டு வாசலில் உள்ள மீட்டர்ப் பெட்டி வரையில் வந்து நிற்கும் செய்தியாகும். எவ்வாறு வந்து நிற்கின்றது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கின்றேன்.

காவிரி தந்த ஒளி

மைசூர் நாட்டின் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயரின் பெயரை, நமது ஸ்ரீராம்புரத்தை அடுத்துள்ள சேஷாத்திரிபுரம் இன்றும் தாங்கி நிற்கின்றது. காவிரியாறு சிவசமுத்திரத்தில் அருவியாக வீழும் ஆற்றலை மின்சாரமாக்க வேண்டும் என்னும் திட்டம் அவர் காலத்தில் உருவாயிற்று. அவர் 1901-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1902-இல், சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே சென்று கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அஃது ஒன்று. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்ததோ மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டு மாதத்தில்.

இவ்வரிசையைச் சற்றே நோக்குங்கள். முதலில் சுரங்கம், பிறகு நகரத்தின் தெரு, அதன் பின்னர் வசதி படைத்தோர் இல்லம். ஏழையின் குடிசைக்கு ஒரு விளக்கேனும் கொடுக்க வேண்டும் என்று ‘பாக்கிய ஜோதி’ என்னும் திட்டம் கர்நாடகத்தில் வந்தபோது 1970-களின் இறுதி ஆகிவிட்டது. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த நாளுக்கும் குடிசைக்கு அத்திட்டம் வந்த நாளுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கடந்தது. அத்தங்கவயலில் உழைத்தவர்களுள் பலர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை.

ஆதலின், நாட்டில் இவ்வளவு மின்சாரம் உற்பத்தியாயிற்று என்பது ஒரு கணக்கு. அது யார் வீட்டை அடைந்தது என்பது மற்றொரு கணக்கு. முதற் கணக்கை மின்நிலையத்திலேயே எழுதிவிடலாம். இரண்டாவது கணக்கை எழுதுவதுதான் அரிது. அதற்குத் துணையாகக் கிடைத்துள்ள கருவிகளுள் ஒன்றே இரவு விளக்குப் படம்.

மேகத்தைத் தேடியவர் விளக்கைக் கண்டனர்

இக்கருவி மின்சாரத்தை அளப்பதற்கென்று பிறந்ததன்று. அமெரிக்க விமானப் படையினர் வானிலையை அறிவதற்காகச் செயற்கைக்கோள்களை ஏவினர். பகலில் மேகத்தைக் காண்பது எளிது, இரவிலும் காணவேண்டுமே! அதற்காக, நிலவின் மங்கலான ஒளியில் தோன்றும் மேகத்தையும் உணரக்கூடிய கருவியை அவற்றில் பொருத்தினர். நிலவில்லா இரவில் அக்கருவி கீழே நோக்கியபோது, மேகத்துக்குப் பதிலாக ஊர் விளக்குகள் தென்பட்டன. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. தாமஸ் கிராஃப்ட் என்னும் அறிஞர் 1978-இல் இப்படங்களைப் பற்றி ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார். நகர விளக்குகளுடன், எண்ணெய்க் கிணறுகளில் எரியும் தீயும் காட்டுத் தீயும் அவற்றில் தெரிவதைப் பலரும் அறிந்தனர்.

1992-ஆம் ஆண்டு முதற்கொண்டு இப்படங்கள் எண்வடிவில் சேமிக்கப்பட்டன. நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் ஒளிக்கும் 0 முதல் 63 வரையில் ஓர் எண் கொடுத்தனர். இருள் என்றால் 0. பேரொளி என்றால் 63. கிறிஸ்டோபர் எல்விட்ச் என்பாரும் அவருடைய துணைவர்களும் 21 நாடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டிலும் விளக்கொளி தெரியும் நிலப்பரப்பு எவ்வளவு, அந்நாடு செலவிடும் மின்சாரம் எவ்வளவு என்று ஒப்புநோக்கினர். இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துச் சென்றன. அவ்வாய்வு 1997-இல் வெளியாயிற்று. அன்று முதல் இத்துறை வேகமாக வளர்ந்தது.

2011 அக்டோபரில் ‘சுவோமி என்.பி.பி.’ என்னும் செயற்கைக்கோள் விண்ணேறியது. அதிலுள்ள கருவி முந்தையதைக் காட்டிலும் பன்மடங்கு நுட்பமானது. பழைய கருவிக்கு 64 படிகளே உண்டு. புதிய கருவிக்கு 16,384 படிகள் உண்டு. பழைய கருவியின் கட்டம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையது. புதியதன் கட்டம் முக்கால் கிலோமீட்டர் அகலமே உடையது. நம் நாட்டிலும் இவ்வகைப் படங்கள் பயன்படுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஐதராபாத்துத் தேசியத் தொலையுணர்வு மையம், 2012 முதல் 2021 வரை இந்தியாவின் இரவு ஒளி எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும் நிலப்படத் தொகுதியை 2023-இல் வெளியிட்டது.

கணக்கிடும் முறை

கணக்கு எப்படிப் போடுகின்றனர்? மாணவர்கள் இதனைக் கவனித்துக் கேட்க வேண்டுகின்றேன்.

ஒரே ஓர் இரவின் படத்தை நம்புவதில்லை. ஒரு மாதத்து இரவுகளையோ ஓராண்டின் இரவுகளையோ சேர்த்து எடுத்துக்கொள்கின்றனர். அவற்றுள் மேகம் மூடிய இரவுகளையும் நிலவு காயும் இரவுகளையும் மின்னல் பாய்ந்த கணங்களையும் நீக்குகின்றனர். நம் பெங்களூரில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வானம் பெரும்பாலும் மேகம் சூழ்ந்திருத்தலின், அம்மாதங்களில் தெளிந்த இரவுகள் சிலவே தேறும். எஞ்சியவற்றின் சராசரியைக் கண்டு, நிலையாக எரியும் விளக்கொளியை மட்டும் பிரித்தெடுக்கின்றனர்.

அடுத்து, ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் கட்டங்களின் எண்களையெல்லாம் கூட்டுகின்றனர். இதற்கு ‘மொத்த ஒளி’ என்று பெயர் சொல்லலாம். பல மாவட்டங்களின் மொத்த ஒளியையும், மின்வாரியக் கணக்கில் உள்ள அவற்றின் மின்செலவையும் அருகருகே எழுதிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே ஒரு விகிதம் புலப்படும். மின்செலவு தெரியாத இடத்தில் ஒளியை மட்டும் அளந்து, அவ்விகிதத்தைக் கொண்டு செலவை ஊகிக்கின்றனர். நெற்குவியலின் உயரத்தைப் பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்று களத்துமேட்டில் பெரியவர்கள் சொல்வதை ஒத்தது இது. பலமுறை அளந்து பழகிய கண்ணுக்கே அம்மதிப்பு சரியாக வரும். அளக்காத கண்ணுக்கு வராது. செயற்கைக்கோளும் அத்தகையதே. கீழே உண்மையாக அளந்த மீட்டர்க் கணக்கு இல்லாவிட்டால், மேலேயுள்ள கருவிக்கு ஒரு யூனிட்டையும் சொல்லத் தெரியாது.

தீபாவளிப் படம் என்று ஒன்று

இப்படங்களை எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும் என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. ‘தீபாவளி இரவில் விண்ணிலிருந்து இந்தியா’ என்று சொல்லி, வெண்மை, நீலம், பச்சை, சிவப்பு ஆகிய நிறங்களில் ஒளிரும் படம் ஒன்று ஆண்டுதோறும் கைப்பேசிகளில் வலம் வருகின்றது. பார்ப்பதற்கு மிக அழகிய படம். ஆயின் அது தீபாவளிப் படமன்று. ஓர் இரவின் படமுமன்று. எல்விட்ச் அவர்கள் 2003-இல் ஆக்கிய ஆய்வுப் படம் அது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளை வெண்மையாலும், 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் தெரிந்த விளக்குகளை முறையே நீலம், பச்சை, சிவப்பு ஆகிய நிறங்களாலும் குறித்தார். எந்த ஊரில் எந்தக் காலத்தில் விளக்கு வந்தது என்று காட்டிய படத்தை நாம் பட்டாசு ஒளியாக்கிவிட்டோம்! 2012 நவம்பர் 12-ஆம் நாள் இரவில் எடுத்த மெய்யான படத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய ‘நாசா’ வெளியிட்டு, தீபாவளியன்று கூடும் ஒளி விண்ணிலிருந்து கண்டறிய இயலாத அளவுக்குச் சிறிது என்று விளக்கிற்று.

வேடிக்கையாகத் தோன்றினும் இதில் பாடம் உண்டு. கோடிக்கணக்கான வீடுகளில் ஏற்றிய அகல் விளக்குகளும் வாணவேடிக்கையும் நம் உள்ளத்துக்குப் பேரொளி. கருவிக்கோ அவை ஒரு பொருட்டாகவில்லை. நமக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் வானுக்கும் பெரிதாகத் தெரியும் என்று எண்ணலாகாது.

ஒளியும் மின்சாரமும் பிரியும் இடங்கள்

விளக்கொளி வேறு, மின்செலவு வேறு. பல இடங்களில் இரண்டும் இணைந்தே செல்கின்றன. எனினும் அவை பிரிந்து செல்லும் இடங்களை அறிந்தால்தான் இம்முறையின் தரத்தை அளவிட முடியும்.

முதலாவது, ஒளியின்றிச் செலவாகும் மின்சாரம். ஐந்து குதிரைத் திறன் கொண்ட பம்புசெட்டு ஒன்று ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 22 யூனிட் செலவாகும். பம்பறையில் எரிவது ஒரு சிறு விளக்கே. கர்நாடகத்தின் மின்செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரிறைக்கும் பம்புசெட்டுகளே கொள்கின்றன. 10 குதிரைத் திறன் வரையிலான பம்புசெட்டுகளுக்கு இங்கே 2008 முதல் மின்சாரம் இலவசம். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரும் இல்லை. மின்மாற்றிகள் சிலவற்றில் மாதிரியாக மீட்டர் வைத்து, அதைக் கொண்டே மொத்தச் செலவை மதிப்பிடுகின்றனர். எந்த இடத்தில் கணக்கு மிகவும் தேவையோ, அந்த இடத்தில் செயற்கைக்கோள் கண்ணற்றதாகி விடுகின்றது. ஒரு மாவட்டத்தில் இரண்டு வட்டங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று கடைவீதி மிகுந்தது. மற்றொன்று கிணற்றுப் பாசனம் மிகுந்தது. முதலாவதன் ஒளி மூன்று பங்கு, இரண்டாவதன் ஒளி ஒரு பங்கு எனில், ஒளிக்கணக்கு மின்சாரத்தையும் மூன்றுக்கு ஒன்று என்றே பங்கிடும். உண்மையில் வயற்காட்டு வட்டமே அதிகம் செலவிட்டிருக்கக் கூடும்.

இரண்டாவது, மின்சாரமின்றித் தோன்றும் ஒளி. மும்பைக்கு மேற்கே கடலில் உள்ள எண்ணெய் வயலில் எரிவாயு எரியும் தழல், படத்தில் ஒரு நகரம் போலவே ஒளிரும். காட்டுத் தீயும் அவ்வாறே. இவற்றைப் பிரித்து நீக்காவிட்டால், அலைகடல் நடுவே ஆயிரம் வீடுகள் உள்ளன என்று கணக்கு வரும்.

மூன்றாவது, விளக்கின் மாற்றம். 60 வாட் குண்டு விளக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 7.2 யூனிட் ஆகும். அதற்கு ஈடாக வந்துள்ள 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே நேரம் எரிந்தால் 1.08 யூனிட்டே ஆகும். வெளிச்சம் குறையவில்லை, செலவு ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. 2015-இல் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின் வழியாக நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பெற்றன. அஃதன்றி, தெருக்களில் இருந்த மஞ்சள் நிறச் சோடிய விளக்குகள் போய் வெள்ளை விளக்குகள் வருகின்றன. வெள்ளை எல்.இ.டி. ஒளியில் நீலக்கூறு மிகுதி. செயற்கைக்கோளின் கருவியோ 500 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியையே உணரும். நீலம் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே, நம் கண்ணுக்குத் தெரு முன்னினும் பிரகாசமாக இருக்கும்போது, கருவிக்கு அது மங்கியதாகத் தோன்றக்கூடும். பத்தாண்டுக்கு முன் கண்ட விகிதத்தை இன்றும் அப்படியே வைத்துக் கணக்கிடுதல் பிழையாகும்.

நான்காவது, நேரம். புதிய செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. அப்போது பள்ளிப் பிள்ளைகள் உறங்குவர், அடுக்களை அணைந்திருக்கும், கடைகள் மூடியிருக்கும், தெருவிளக்கு மட்டும் விழித்திருக்கும். மாலை ஆறு முதல் பத்து வரையில் மின்வெட்டும் நள்ளிரவில் மின்சாரமும் பெறும் ஒரு சிற்றூர் இருந்தால், அது படத்தில் ஒளியுள்ள ஊராகவே பதிவாகும். படிக்க வேண்டிய பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் விளக்கு இருந்ததா என்னும் வினாவுக்கு அப்படத்தில் விடையில்லை. இக்குறையைத் தீர்ப்பதற்காகவே புனேயைச் சேர்ந்த பிரயாஸ் என்னும் அமைப்பினர், பல மாநிலங்களில் வீடுகளிலேயே சிறு கருவி பொருத்தி, மின்சாரம் வரும் நேரத்தையும் அதன் அழுத்தத்தையும் நிமிடந்தோறும் பதிவு செய்தனர்.

பயன் என்ன?

இத்தனை குறைகள் இருப்பின், இம்முறையால் பயன் என்ன என்று கேட்கலாம். பெரும் பயன் உண்டு. ‘எவ்வளவு’ என்னும் வினாவைக் காட்டிலும், ‘உண்டா, இல்லையா’ என்னும் வினாவுக்கு இம்முறை நன்றாக விடை சொல்கின்றது.

நம் நாட்டில் 2004 முதல் வழங்கிய விதியின்படி, ஓர் ஊரில் பத்தில் ஒரு பங்கு வீடுகளுக்கும் பள்ளி முதலிய பொது இடங்களுக்கும் மின்னிணைப்பு இருந்தால், அவ்வூர் மின்வசதி பெற்ற ஊராகும். 2018 ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூரைச் சேர்ந்த லெய்சாங் என்னும் சிற்றூர் இணைப்புப் பெற்றதுடன், எல்லா ஊர்களும் மின்வசதி பெற்றன என்று அறிவிக்கப்பட்டது. பத்தில் ஒன்பது வீடு இருண்டிருப்பினும் ஊர் ஒளிபெற்றதாகவே ஏட்டில் இருக்கும். ஏட்டில் எழுதிய ஒளியை வானிலிருந்து சரிபார்க்கக் கூடுமாயின் அஃது எளிய செயலன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் மின் அவர்களும் உலக வங்கியைச் சேர்ந்தோரும், 1993 முதல் 2013 வரையிலான இரவுப் படங்களைக் கொண்டு, இந்தியாவின் ஏறத்தாழ ஆறு இலட்சம் ஊர்களின் இருபதாண்டு ஒளி வரலாற்றை எவரும் பார்க்குமாறு பொதுவில் வைத்தனர்.

அதே பேராசிரியர் வியத்நாம் நாட்டு ஊர்களில் நேரிற் சென்று விளக்குகளை எண்ணி, படத்தோடு ஒப்பிட்டார். ஒளியெண் ஒன்று கூடுவதற்கு, 60 முதல் 70 வரையிலான தெருவிளக்குகள் அல்லது 240 முதல் 270 வரையிலான மின்னிணைப்புப் பெற்ற வீடுகள் தேவைப்பட்டன. இவ்வெண்களை வகுத்துப் பாருங்கள். நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு தெருவிளக்குக்கு ஈடாகின்றன! தெருவிளக்கின் ஒளி வெட்டவெளியில் பரவுகின்றது. வீட்டு விளக்கு கூரைக்கும் சுவருக்கும் உள்ளே அடங்கிவிடுகின்றது. வீட்டுக்குள் எரியும் விளக்கை வானம் நான்கில் ஒரு பங்காகவே மதிக்கின்றது.

இன்னொரு பயன், இடர்க்காலத்தில். 2019 மே 3-இல் ஃபானி புயல் ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்தது. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொண்டு, புவனேசுவரம், கட்டாக் நகரங்களின் எப்பகுதிகள் இருண்டன என்பதை நாசா சில நாட்களிலேயே காட்டிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது, நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் உறவினர் பலர் அங்கே இருந்தனர். அத்தகைய காலத்தில், நகரத்தில் விளக்கு எரிந்துவிட்டது, ஆயின் இன்னின்ன சிற்றூர்களில் இன்னும் எரியவில்லை என்று வானிலிருந்து ஒரு சாட்சி சொல்லுமாயின், துணை வேண்டிய இடத்துக்குத் துணை விரைந்து செல்லும். சிரியா நாட்டில் 2011 முதல் நான்காண்டுப் போரில் இரவு விளக்குகளுள் 83 விழுக்காடு அணைந்தன என்று உலகத்துக்குச் சொன்னதும் இப்படங்களே. நிருபர் நுழைய முடியாத இடத்திலும் அவை நுழைந்தன.

ஆகவே, விளக்குப் படம் ஒரு நல்ல சாட்சி. கண்டதைச் சொல்லும், காணாததைச் சொல்லாது. காணாத ஒன்றைப் பற்றி அதன் வாயில் நாம் சொல்லைப் புகுத்துவோமாயின், குற்றம் சாட்சியினுடையதன்று.

ஸ்ரீராம்புரத்தின் மேல் ஒரு கட்டம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். செயற்கைக்கோளின் ஒரு கட்டம் ஏறத்தாழ 742 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது என்று கொண்டால், அதன் பரப்பு 136 ஏக்கர். அப்படியொரு கட்டத்தை ஸ்ரீராம்புரத்தின் மேல் விரித்துப் பாருங்கள். மெட்ரோ நிலையத்தின் விளக்குகள் அதில் அடங்கலாம். பெருஞ்சாலை விளக்குகள் அடங்கலாம். பக்கத்துப் பேரங்காடியின் ஒளியும் கசிந்து வந்து சேரலாம். அவற்றோடு, ஒரே அறையில் ஐவர் வாழும் நூற்றுக்கணக்கான வீடுகளும் அடங்கும். அத்தனைக்கும் சேர்த்துக் கருவி தரும் எண் ஒன்றே ஒன்று. அவ்வெண் பெரிதாக இருக்கும். ‘நல்ல ஒளி பெற்ற பகுதி, மின்சாரம் நிறையச் செலவிடும் பகுதி’ என்று ஆய்வாளர் குறிப்பெழுதுவார். அவ்வெண்ணுக்குள் யார் எவ்வளவு செலவிட்டார் என்று பிரித்துச் சொல்ல அவரால் இயலாது.

வானத்துக்குத் தெரியாவிட்டால் என்ன, மீட்டருக்குத் தெரியுமே என்று நினைக்கலாம். அன்பர்களே, மீட்டருக்கும் தெரியாத செய்தி உண்டு. நம் சந்துகளில் பல கட்டடங்களுக்கு மின்நிறுவனத்தின் மீட்டர் ஒன்றே. அதன் பின்னே மூன்று குடும்பமோ நான்கு குடும்பமோ குடியிருப்பர். வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து, தாம் நிர்ணயித்த வீதத்தில் பணம் வாங்குதலும் உண்டு. உள்மீட்டர்கூட இல்லாமல், தலைக்கு இவ்வளவு என்று வாங்குதலும் உண்டு. மின்நிறுவனத்தின் ஏட்டில் அந்நான்கு குடும்பமும் ஒரு குடும்பம்.

இதனால் வரும் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுகின்றேன். 2023-இல் கர்நாடக அரசு ‘கிருஹ ஜோதி’ திட்டத்தைத் தொடங்கிற்று. அன்றைய விதிப்படி, ஒவ்வொரு வீட்டின் முந்தைய சராசரிச் செலவுடன் பத்து விழுக்காடு சேர்த்து, மாதம் 200 யூனிட் என்னும் உச்ச வரம்புக்குள் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 200-ஐத் தாண்டினால் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஒரு குடும்பம் மாதம் 60 யூனிட் செலவிடுகின்றது என்று கொள்வோம். தனி மீட்டர் இருந்தால் அக்குடும்பம் வரம்புக்கு மிகத் தாழ்வாகவே நிற்கும். அத்தகைய நான்கு குடும்பங்கள் ஒரு மீட்டரின் பின்னே நின்றால் 240 யூனிட், வரம்பைக் கடந்துவிட்டது. நால்வரும் சிக்கனமாகவே வாழ்ந்தனர். ஏட்டிலோ ஊதாரி வீடு ஒன்று தோன்றிற்று. நான்கு மீட்டராக இருந்தால் இலவசமாக இருந்திருக்கும் மின்சாரத்துக்கு, ஒரு மீட்டராக இருப்பதனால் முழுக் கட்டணம்!

இதில் எவருடைய தீய எண்ணத்தையும் நான் தேடவில்லை. கட்டத்துக்கு ஓர் எண் என்பது செயற்கைக்கோளின் இயல்பு. மீட்டருக்கு ஒரு வீடு என்பது ஏட்டின் இயல்பு. இரண்டும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும் குடும்பத்தை எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நாம் செய்யத்தக்கது

அந்த ஆள் யார்? நம் சங்கமே என்று கூறத் துணிகின்றேன். பெரும் பொருட்செலவு வேண்டா. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் இருவர் இருவராகத் தெருத்தெருவாகச் செல்லட்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் மின்நிறுவனத்தின் மீட்டர் எத்தனை, அவற்றின் பின்னே வாழும் குடும்பங்கள் எத்தனை, சென்ற மாதச் சீட்டில் கண்ட யூனிட் எவ்வளவு, மாலையில் பிள்ளைகள் படிக்க விளக்கு இருக்கின்றதா ஆகிய நான்கு வினாக்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதட்டும். எவர் பெயரையும் எழுத வேண்டியதில்லை. தமிழர் வீடு என்றும் கன்னடர் வீடு என்றும் உருதுவோ தெலுங்கோ பேசுவோர் வீடு என்றும் பிரித்துப் பார்க்கவும் வேண்டா. ஒரே சந்தில் ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் பெறுவோர் நாம். மழைக்காலத்திலும் கோடையிலும் செலவு மாறுபடுதலின், பன்னிரண்டு மாதம் தொடர்ந்து எழுதினால் நலம்.

அப்படியொரு குறிப்பேடு உருவாகுமாயின் பயன் இரண்டு. தனி மீட்டர் வேண்டும் என்று மின்நிறுவனத்தை அணுகும்போது, ‘எங்கள் தெருவில் இத்தனை மீட்டருக்குப் பின்னே இத்தனை குடும்பம்’ என்று எண்ணோடு பேசலாம். எண்ணோடு பேசுவோர் சொல்லுக்கு எங்கும் மதிப்பு உண்டு. அஃதன்றி, விளக்குப் படங்களைக் கொண்டு ஆராயும் அறிஞர்கள் இந்நகரிலேயே பலர் உளர். நெருக்கமான நகர்ப்பகுதியில் ஒளிக்கும் மின்செலவுக்கும் உள்ள விகிதம் என்ன என்று அறிய, கீழே அளந்த கணக்கு அவர்களுக்குத் தேவை. அதனை நாம் கொடுக்கலாம்.

சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கத்துக்கு முதலிலும் குடிசைக்கு இறுதியிலும் சென்ற வரலாற்றைத் தொடக்கத்தில் கூறினேன். இன்று கம்பி ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கணக்கு மட்டும் இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. அதை எழுதத் தொடங்குவதற்கு இளைஞர்கள் இவ்விழா முடிந்தவுடன் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கின்றேன். அடுத்த ஆண்டு மலரில் அக்கணக்கின் முதற் பக்கத்தைக் காண விழைகின்றேன்.